முதுகு தடித்த கத்தி

மின்சார அலுவலகத்து லைன்மேனை மரம் மூடிக்கொண்டது மதியச் சாப்பாட்டு இடைவேளையில். பணிமனையின் பின்வேலிக்கு அப்பால், சரளைக்கல் பரப்பிய திடலின் ஓரத்தில் நின்ற அந்த முதிய மரத்தில் சாய்ந்தபடிதான் அவன் பல ஆண்டுகளாக மதிய உணவை உண்டுவந்தான். அன்றும் உண்டான், டப்பாவைக் கழுவி மூடினான், பிறகு கண்ணை மூடினான். மணி அடித்ததும் உடன் வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தபோது டப்பாவும், கழற்றிவைத்த தலைக்கவசமும், ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் ஒழுங்காக அடுக்கியபடி இருந்தன, ஆள் இல்லை. மரத்தின் அடிப்பகுதி காலையில் இருந்ததைவிடப் பருத்திருந்தது. பட்டையின் மீது மேலிருந்து கீழாக, புதிதாகத் தைத்து முடித்த துணியின் மடிப்பைப் போல, ஒரு தடிப்பு ஓடியது. மேற்பார்வையாளர் வழக்கப்படி அவனைப் பெயர் சொல்லித் திட்டினார். மரத்துக்குள்ளிருந்து, "இதோ வந்துட்டேன் சார்" என்று பதில் வந்தது.

அந்தச் சொல் முடிவதற்குள் திடலில் நின்ற அத்தனை பேரின் வாயும் பிளந்தது. வாய் பிளப்பது பதிவு செய்யத்தக்க செய்தியல்ல. பிளந்த வாய்கள் மூடவில்லை என்பதே செய்தி. மாலைக்குள் ஊர் முழுவதும் வந்து பட்டையில் காது வைத்துக் கேட்டது. கேட்டவர்கள் திறந்த வாயுடனே வீடு திரும்பினார்கள். பல் மருத்துவர் நல்ல மனம் படைத்தவர். இப்படியொரு வாய்ப்பு இனி வாழ்நாளில் வராது என்று கணித்து, கையில் சிறு விளக்குடன் தெருத்தெருவாக நடந்து, நின்றவர்களை நின்றபடியே சோதித்துச் சொத்தைகளை அடைத்தார். பெரும்பாலோருக்கு மறுநாள் விடியலில் தாடை கூடிவிட்டது. மேற்பார்வையாளருக்கு மட்டும் அந்த வாரம் முழுவதும் கூடவில்லை. அவர் இட்ட உத்தரவுகள் யாவும் உயிரெழுத்துகளாகவே வெளிவந்தன. வேலை எப்போதும்போல் நடந்தது.

லைன்மேனின் மனைவி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். செய்தி வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்து ஓடிவந்துவிட்டதால், யாரோ ஒருவருடைய பள்ளிச் சான்றிதழ் மாலைவரை நகலாகிக்கொண்டே இருந்து, படியில் வழிந்து, சாக்கடையை அடைத்தது. அவளுக்கு வாய் பிளக்கவில்லை. அதிர்ச்சி அவளுக்குக் கையில் இறங்கியது. பட்டையில் அவள் வைத்த உள்ளங்கை அவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதற்கு அவ்விடத்தில் வெளுத்துப் பதிந்த ஐந்து விரல்களே சான்று.

"என்னங்க... உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா."

"ஐயோ! என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

மரம் பேசியதற்கு அதிர்ந்த ஊர் இந்தப் பதிலுக்கு அதிரவில்லை. 'ஒண்ணுமில்ல' என்பதுதான் அவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். கம்பத்தின் உச்சியில் பொறி தெறித்து இரண்டு விரல் கருகிய அன்று அவன் வீட்டுக்கு வந்து சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். தந்தை இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, "யாருங்க, என்னவாம்?" என்று மனைவி கேட்டதற்கும் அதைத்தான் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய் எரியூட்டிவிட்டு வந்தான். அவள் அதை மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டாள். அவன் கொடியவனல்லன், கஞ்சன். காசில் அல்ல, வலியில்.

வெளியே எடுப்பது எப்படி என்பதில் ஊர் இரண்டுபட்டது. தீயணைப்பு நிலைய அதிகாரி மரத்தை மூன்று முறை சுற்றிவந்து தொப்பியைக் கழற்றினார். "கிணத்துல விழுந்தா கயிறு போடுவோம், லிஃப்ட்ல மாட்டினா கடப்பாறை போடுவோம். மரத்துக்குள்ள மாட்டினா என்ன போடணும்னு எங்களுக்குச் சொல்லித் தரலைம்மா." விறகுக்கடைக்காரர் தம் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார், பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். கோடரி கையை விட்டுக் கிளம்பிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று கோடரிக்கே தெரியாது என்றார். இயந்திர ரம்பம் எவ்வளவு ஆழம் போயிற்று என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும் என்றும் சொன்னார். இதைக் கேட்டு அவனுடைய சக ஊழியர் ஒருவர் மயங்கி விழுந்தார். எஞ்சியது ஒரே வழி. மரம் நீளவாக்கில் பிளக்க எப்போதும் ஆயத்தமாகவே இருக்கிறது. அதற்குத் தேவை தொடக்கம் மட்டும். மடங்காத கத்தி ஒன்றை நரம்பு ஓடும் திசையில் ஊன்றி, அதன் முதுகில் மரக்கட்டையால் தட்டினால், அலகு நுழைய நுழைய வெடிப்பு அதற்கு முன்னால் ஓடும். அலகு அவனைத் தொட வேண்டியதே இல்லை; வெடிப்பு தொட்டால் போதும். காட்டில் தங்குபவர்கள் ஈர விறகைப் பிளந்து உள்ளே இருக்கும் உலர்ந்த கட்டையை எடுப்பது இப்படித்தான். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் நிறுத்தலாம், கேட்கலாம், திருத்தலாம்.

கேட்கலாம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அடிமரம் நான்கு பேர் கைகோத்தாலும் அடங்காத பருமன். அதற்குள் அவன் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறான் என்பதை அவன் சொன்னாலொழிய அறிய வழியில்லை. அவனுடைய குரலோ நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போயிற்று. சொற்களுக்கு இடையே வெளி விழத் தொடங்கியது. முதலில் ஒரு மூச்சளவு, பிறகு ஒரு தெருவைக் கடக்கும் அளவு. குரல் நின்றுவிட்டால் கத்தி குருடாகிவிடும். குருட்டுக் கத்தியை அவன்மேல் வைக்க ஊரில் ஒருவரும் சம்மதிக்கப் போவதில்லை. ஆகவே அவன் அங்கேயே மரமாகிவிடுவான். இதை விறகுக்கடைக்காரர் மனைவியிடம் தனியாக அழைத்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அப்போது அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையின் மேல் மெல்லிய ஏடாகப் பனி படிந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

ஊரார் செய்த பிழை இங்கே தொடங்குகிறது. கத்தி என்றதும் அவர்கள் கூர்மையைத் தேடினார்கள். வீட்டுக்கு வீடு சாணைக்கல் சுழன்றது. கூர்மையைச் சோதிக்க ஒவ்வொருவரும் தம் இடது முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார்கள். அந்த வாரம் ஊரில் இடக்கையில் மயிருள்ள ஆண் ஒருவர்கூட இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் இதை ஏதோ தோல்நோய் என்று கருதி அடுத்த பேருந்திலேயே திரும்பிப்போனார். முதலில் வந்தவன் மனைவியின் தம்பி. திருகாணி கழற்றுவது முதல் புட்டி திறப்பது வரை எல்லாம் செய்யும் மடக்குக் கத்தி அவனுடையது. மடங்காததுதான் வேண்டும் என்று சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. முதுகில் தட்டு விழுந்ததும் கீல் தன் இயல்புப்படி மடங்கியது.

உள்ளிருந்து கவலையோடு குரல் வந்தது. "மச்சான்... கை போச்சா?"

"கை இருக்கு மாமா. கத்திதான் என்னைக் கடிச்சிருச்சு."

அடுத்து வந்தவர், காட்டில் கூடாரம் அடிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர். அவருடைய கத்தியின் முதுகில் ரம்பப் பற்கள் இருந்தன. பிடி உள்ளே குழலாக இருந்தது, குழலுக்குள் தீக்குச்சி, தூண்டில் நரம்பு, திசைகாட்டி. "இது ஒண்ணு கையில இருந்தா காட்டுல ஒரு மாசம் உயிரோட இருக்கலாம்" என்றார். "இருக்கலாம் தம்பி, விறகு பிளக்கலாமா?" என்றார் விறகுக்கடைக்காரர். முதுகுப் பற்கள் தட்டும் கட்டையைத் தின்று தூளாக்கின. புதிய கட்டை எடுத்து ஓங்கித் தட்டியதும் பிடி தனியே பறந்து, ஒரு மாத உயிர்வாழ்வுக்கான பொருள்கள் அனைத்தும் சரளைக்கல்லில் சிதறின. மூன்றாவது, கசாப்புக் கடைக்காரருடைய கத்தி. ஊரிலேயே கூரானது, காகிதத்தைக் காற்றில் விட்டு நடுவே அறுத்துக் காட்டினார், கூட்டம் கைதட்டியது. கண்ணாடிபோல் கடினமான எஃகு அது. கண்ணாடிபோலவே உடைந்தது.

உடைந்த முனை நரம்போடு போகாமல் குறுக்கே திரும்பி உள்ளே இறங்கியது. மனைவி பட்டையில் வாய் வைத்து, "பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

கசாப்புக் கடைக்காரர் மாற்றுக் கத்தி எடுக்கத் திரும்பினார். அப்போது வெடிப்பிலிருந்து பால் கசிந்தது. வெள்ளையாகத் தொடங்கி, வெளிர்சிவப்பாகி, பிறகு முழுச் சிவப்பாகி, பட்டையின் பள்ளங்களில் வழிந்து வேரில் சொட்டியது. மனைவி அதை விரலால் தொட்டாள். சூடாக இருந்தது. அவள் கத்தவில்லை. திடலில் இருந்த சரளைக்கற்கள் அத்தனையும் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, ஒரே சத்தத்துடன் விழுந்தன. கூட்டத்தில் பலருக்குக் கணுக்கால் சிராய்த்தது. பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"ரத்தம் வருதுங்க. உங்க ரத்தம். இதுவும் ஒண்ணுமில்லையா?"

நெடுநேரம் கழித்து, "சின்னதுதான்" என்று வந்தது.

மாலைக்குள் மரமே பிசின் வைத்துக் காயத்தை அடைத்துவிட்டது. ஆனால் அன்று மாலை ஊரில் எவரும் சாப்பிடவில்லை. மரத்துக்குள் ஆள் இருப்பதை மூன்று நாளில் ஏற்றுக்கொண்டவர்கள், கத்தி சதையில் இறங்கும்போதும் ஒரு மனிதன் ஒண்ணுமில்ல என்பான் என்பதை ஏற்க முடியாமல் திண்டாடினார்கள். பல தம்பதியர் அன்றைக்கு ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள் என்று தெரியவருகிறது. மனைவி எவரையும் மரத்தை அண்டவிடவில்லை. கத்தியை இனி தானே தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி, தோற்ற மூன்றையும் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கத்தியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஒரு பொருளைப் புரிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதை நகலெடுப்பது. மூன்றையும் கண்ணாடியில் பரப்பி, மூடியை இறக்கி, பொத்தானை அழுத்தினாள்.

அந்த வாரம் மட்டும் அவளுடைய இயந்திரம் பிடிக்குள் மறைந்திருந்த இரும்பையும் நகலெடுத்தது. ஏன் என்று பின்னாளில் பார்த்த பழுதுநீக்குபவரால் சொல்ல முடியவில்லை. உருளையைத் துடைத்துவிட்டுப் போனார். தாளில் பிடி சாம்பல் நிறமாகவும் அதற்குள் ஓடிய இரும்பு கறுப்பாகவும் விழுந்தது. கூடாரக் கடைக்காரருடைய கத்தியில் அந்தக் கறுப்பு ஒரு கட்டைவிரல் நகத்தளவுதான் பிடிக்குள் நுழைந்திருந்தது. கசாப்புக் கத்தியில் எலிவால்போல் நுழைந்து பாதியில் நின்றது. அதன் முதுகோ தாளில் ஒரு பென்சில் கோடு. அவள் ஊரை அழைத்தாள். வீட்டுக்கு வீடு கத்தியோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு தாளும் வெளிவந்தபோது கடைக்குள் மூச்சிழுக்கும் ஒலி எழுந்தது. இத்தனை காலம் தாங்கள் நம்பிப் பிடித்த பிடிகளுக்குள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதை ஊர் அன்று கண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தம் சமையலறைக் கத்தியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதாலதான் தினமும் வெட்டினேனா?" என்று கேட்டபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக வரிசையை இடித்துக்கொண்டு வந்தவள் லைன்மேனின் அக்கா. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வெளியூரில் சாரத்தின் மேல் நின்றபோது செய்தி கேட்டு, புருவத்தில் காயாத வெள்ளையோடு அப்படியே பேருந்தேறி வந்திருந்தாள். தம்பி வீட்டுச் சமையலறைக்கு அவள் அடித்த நீலம் அடர்த்தியா வெளிறலா என்ற தகராறில் இரு பெண்களும் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

"நல்லா இருக்கு! புருஷன் மரத்துக்குள்ள, பொண்டாட்டி மெஷின் முன்னால."

"வாங்க அண்ணி. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். பையில கத்தி இருந்தா எடுங்க."

"வீட்டுல வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டிருந்தா அவன் ஏன் மரத்தடியைத் தேடிப் போறான்?"

"ஆக்கிப் போட்டேன். ஒருநாளாவது உப்பு கம்மின்னு வாயைத் திறந்து சொல்லியிருக்காரா? கத்தி இறங்குது, அப்பவும் ஒண்ணுமில்லைங்கறாரு. நீங்க வளர்த்த வளர்ப்பு அண்ணி அது."

அக்கா பையைக் கீழே வைத்தாள். முகத்திலிருந்த பெயிண்ட் வெள்ளைக்கும் தோலுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு அவள் வெளுத்ததை வரிசையில் நின்றவர்கள் கண்டார்கள். "சின்னதுல விழுந்து விழுந்து எழுந்திருப்பான்" என்றாள், அடங்கிய குரலில். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லன்னு நான்தான் முட்டியில ஊதி விடுவேன். அழுகையை நிறுத்தத்தான் சொன்னேன்மா. வலியை நிறுத்தணும்னு சொல்லல." பிறகு பையின் அடியைத் துழாவி, எதையோ எடுத்துக் கண்ணாடியின் மேல் தொப்பென்று வைத்தாள்.

அதைக் கத்தி என்று ஏற்பதற்கே கூட்டம் தயங்கியது. பெயிண்ட் டின்களின் மூடியை நெம்புவதற்கும், சாரக்கட்டையின் கீழ் ஆப்பாகச் செருகுவதற்கும், சமயத்தில் ஆணி அடிப்பதற்கும் பயன்பட்ட பொருள் அது. மேலே ஊரிலுள்ள சுவர்களின் வண்ணம் எல்லாம் படிந்திருந்தது. வாய் மழுங்கியிருந்தது. நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். முதுகு மட்டும் இரண்டு நாணயத்தை அடுக்கிய கனம். ஒருவர் பழக்கதோஷத்தில் முன்கையை நீட்டிச் சிரைத்துப் பார்த்தார், ஒரு மயிர்கூட விழவில்லை, கூட்டம் சிரித்தது. மனைவி பொத்தானை அழுத்தினாள். தாள் வெளிவந்தது. முனையிலிருந்து பிடியின் கடைசி விளிம்புவரை குறையாத அகலத்தில் ஒரே கறுப்பு. பிடி என்று தனியே எதுவுமில்லை, இரும்பின் இருபுறமும் இரண்டு மரத்துண்டுகளை வைத்து அறைந்திருந்தார்கள், அவ்வளவே. சிரிப்பு அறுந்தது. விறகுக்கடைக்காரர் அதை வாங்கிக் கல்லில் தட்டிப் பார்த்தார். தகரம்போல் கிணுகிணுக்காமல் கனமாக ஒலித்தது. மரத்திலிருந்து விழுந்த கிளையொன்றில் வைத்து முழுப்பலத்தோடு அடித்தார்கள். கிளை பிளந்தது, கத்தி நெளிந்து நிமிர்ந்தது, உடையவில்லை. வாயை மட்டும் லேசாகத் தீட்டினார்கள், மயிர் சிரைக்கும் கூருக்கு அல்ல, ஆப்பு நுழையும் கூருக்கு.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கினார்கள். அக்கா பிடியைப் பிடித்தாள். பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அலகின் முனைப்புற முதுகில் மனைவி கட்டையால் அடிக்க வேண்டும். முதல் அடிக்கு முன் அவள் மரத்தோடு நெற்றியைச் சேர்த்துச் சொன்னது அருகில் நின்றவர்களுக்குக் கேட்டது: "இங்க பாருங்க, இது வீடு இல்ல. இங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கன்னா கத்தி உங்க ஈரல்ல போய் நிக்கும். கொன்னவ நான்னு ஆயிடும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. எங்கன்னு சொல்லுங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."  அவள் அடித்தாள். வெடிப்பு விட்டது. காத்திருந்தார்கள். இப்போது அவனுடைய ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே ஒருவர் கடைக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். "இடது... காதுக்கு... ஒரு சாண்... தள்ளி... சில்லுன்னு..." என்று அது வந்து முடிந்தபோது வெயில் திடலைக் கடந்திருந்தது. கத்தியை மாற்றி ஊன்றினார்கள். மீண்டும் அடி, மீண்டும் காத்திருப்பு. பிளவு வழியே வெளிச்சம் உள்ளே புகப் புகக் குரலும் விரைவு பெற்றது. "தோளுக்குப் பக்கத்துல வருது. நிறுத்து. கொஞ்சம் மேல." பிறகு, எவரும் எதிர்பாராதபடி, "பயமா இருக்கு" என்றான்.

திடல் முழுவதும் வாய்கள் மறுபடி பிளந்தன. அக்காவின் கை ஆடியது, பிடி ஆடவில்லை. அடிகள் தொடர்ந்தன, அவன் பேச்சும் தொடர்ந்தது. அணையில் முதல் கல்லைப் பெயர்த்தது போலாயிற்று. கத்தி எங்கே என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் கத்தி இல்லாத இடங்களையும் சொல்லத் தொடங்கினான்.

"முழங்கால் வலிக்குது. இது மரத்தால இல்ல. கம்பத்துலேருந்து விழுந்ததுல."

"எப்போ விழுந்தீங்க?"

"வீடு மாத்தின வருஷம்."

"சொல்லவே இல்லையே!"

"நீ கேட்டே. சொல்ல வந்தேன். அதுக்குள்ள மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு. அப்பாவை எரிச்சுட்டுத் திரும்பினப்பவும் கடை வாசல் வரைக்கும் வந்தேன். நீ தலை நிமிரல. திரும்பிப் போய் இந்த மரத்துலதான் சாஞ்சுக்கிட்டேன்."

கட்டை அவள் தலைக்கு மேல் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்பதில் பார்த்தவர்களிடையே ஒத்த கருத்தில்லை. அந்த நேரத்தில் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதை மரத்துக்குள்ள போய்த்தான் சொல்லணுமா? கடைக்குள்ள வந்து ஒரு அதட்டு போட்டிருந்தா ஆகாதா?" என்று திட்டியபடி அடித்தாள். அந்த அடியில்தான் மரம் விட்டுக்கொடுத்தது. வெடிப்பு மேலே கவையையும் கீழே வேரையும் ஒருசேரத் தொட்டு, கீல் போட்ட கதவுபோல் முன்பாதி மெல்லத் திறந்தது. உள்ளே லைன்மேன் நின்றுகொண்டிருந்தான். கண் கூசியது, சீருடையில் சாறு ஊறியிருந்தது, விலாவில் ஒரு பிசின் வடு. அவன் ஓரடி எடுத்து வைத்தான். இரண்டாம் அடி வைக்க முடியவில்லை. பின்கழுத்திலிருந்து இடுப்புவரை அவனுடைய முதுகு பின்பாதி மரத்தோடு ஒன்றாகியிருந்தது.

கூட்டம் ஒரே குரலில் இன்னும் ஓர் அடி என்றது. தீயணைப்பு அதிகாரி சொன்னார், கசாப்புக் கடைக்காரர் சொன்னார், மேற்பார்வையாளரும் தம் உயிரெழுத்துகளில் சொன்னார். அக்கா கத்தியை முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே ஊன்றிவிட்டுக் கெஞ்சினாள். "போடும்மா! கண்ணை மூடிக்கிட்டு ஒரே போடு. இவ்வளவு தூரம் வந்துட்டோம்!"

மனைவி கட்டையை ஓங்கவில்லை. அலகின் விளிம்பு தொட்டிருந்த இடத்தில் விரல் வைத்து, "இது யாரு? மரமா, நீங்களா?" என்று கேட்டாள். அவன் யோசித்தான், பழைய சொல் அவன் தொண்டைவரை வந்ததையும், எச்சில் கூட்டி அவன் அதை விழுங்கியதையும் முன்வரிசை பார்த்தது.

"வலிக்குது" என்றான். "இது நான்."

"டேய், முதுகுல கட்டையோட எப்படிடா பொழைப்பே?"

"தெரியலக்கா. ஆனா வலிக்குது."

மனைவி கத்தியை இரு கையாலும் அசைத்து அசைத்து வெளியே எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். தச்சர் வரவழைக்கப்பட்டார். தலைக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் அறுத்து, பின்புறத்தை இழைத்துக்கொண்டே வந்து, "இங்கேருந்து நான்" என்று அவன் சொன்ன இடத்தில் உளியை நிறுத்தினார்.

அதன்பின் நடந்தவை சாதாரணமானவை. வீட்டுக் கதவு நிலை ஒரு முழம் அகலமாக்கப்பட்டது. தையல்காரர் முதுகுத் திறப்புள்ள சட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். அவன் குப்புறப் படுத்துறங்கப் பழகிக்கொண்டான். கம்பம் ஏற உடல் இடம் கொடாததால் அலுவலகம் அவனைப் புகார் தொலைபேசியில் உட்கார வைத்தது. பெரிய பாதிப்பில்லை என்று சொல்லிப் போனை வைக்கப் பார்ப்பவர்களை, எந்த இடம், எப்போதிலிருந்து, பொறியா புகையா என்று துருவித் துருவிக் கேட்டு முழுவதும் சொல்ல வைத்த பிறகே அவன் விடுவான். ஜெராக்ஸ் கடையில், ஆள் வந்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்தும் வழக்கம் வந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. சமையலறையை அக்கா மறுபடி நீலமாகவே அடித்தாள். அடர்த்தி பற்றி வாய்ச்சண்டை நடந்தது, கத்தி வெளியே வரவில்லை. முதல் குளிர் முடிந்து வெயில் திரும்பியபோது அவன் தோள்பட்டையில் துளிர் விட்டது. பருவம் மாறியதும் இலை உதிர்ந்தது; நாளெல்லாம் துடைப்பமும் கையுமாக இருந்த மனைவி, "கொஞ்சம் வெளியில நின்னு உதிருங்களேன்" என்று கத்துவது தெருவுக்கே கேட்கும். "அரிக்குது, உதிர்றேன்" என்று அவனும் கத்துவான்.

மூன்றாம் ஆண்டு மழைக்கு முன் ஒரு ஜோடிச் சிட்டுக்குருவிகள் அவனுடைய இடது தோளுக்குப் பின்னால், இரு கிளைகள் பிரியும் இடத்தில் கூடு கட்டின. முட்டையிட்டதும் அவன் விடுப்புக் கேட்டான். அலுவலகம் குஞ்சுகள் பறக்கும்வரை என்று குறித்துக் கொடுத்தது. அந்நாட்களில் கணவனும் மனைவியும் சன்னலோரம் எதிரெதிரே அமர்ந்து குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பதை வழிப்போக்கர்கள் கண்டார்கள். குஞ்சுகள் பறந்தன. அவன் வேலைக்குத் திரும்பினான். கூட்டைக் கலைத்துவிடவா என்று தச்சர் கேட்டதற்கு, அடுத்த மழைக்கும் அவை வரும் என்றாள் மனைவி. வந்தன.